மூச்சுக் கணக்கு

கெம்பனசந்திரா ஏரியில்
ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சீட்டு.
ஆளுக்கு ஒரு தூண்டில். வலை கூடாது.
ஆனி ஆடியில் கேட்டையே திறப்பதில்லை, மீன் முட்டையிடும் காலம்.
சீட்டின் பின்பக்கம் கன்னடத்தில் இன்னும் ஒன்பது வரி.
காவலர் நஞ்சுண்டையா அதைத் தன் அரைத் தமிழில் சுருக்கி வைத்திருக்கிறார்:
"பிடி, பாரு, விடு.
பிரியாணி ஓட்டல் ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

என் பெட்டியில்
எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிய கொக்கிகள்,
அந்தக் குறடு, ஒரு ஈரத்துணி,
பூண்டும் பெருங்காயமும் பிசைந்த ராகி உருண்டை
(சனி இரவே பக்கத்து ஃபிளாட்டில் கேட்பார்கள், என்ன சமையல்?),
அறுந்த நரம்பு போட ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.
பாட்டிலில் பாதி என்னுடையது இல்லை.
போன மாதம் ஒரு நீர்க்காகத்தின் காலிலிருந்து
வெட்டி எடுத்தது மட்டும் நாலு முழம்.

சீட்டில் இல்லாத சட்டம் ஒன்றும் எனக்கு உண்டு.
மீன் வெளியே இருக்கும்வரை
நான் மூச்சு விடக்கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கட்லா. ஏழு கிலோ.
இப்படிப் பிடி, வெயில் முகத்தில் விழட்டும்,
கண்ணை மூடிட்டீங்க, இன்னொன்று.
எட்டுப் படம்.
விட்டபோது நீந்தியது, நாலடி.
பிறகு வெள்ளை வயிறு.
ஆறாவது படத்தில் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.
வாரத்தில் ஆறு நாள்
அறுவைக் கூடத்தில் மயங்கிக் கிடப்பவர்களின்
மூச்சை எண்ணுகிற வேலை எனக்கு.

இன்று புரட்டாசி முதல் ஞாயிறு.
கேட் திறந்துவிட்டது; விரால் அந்தக் காலண்டர் பார்ப்பதில்லை.
நாணலோரம் தண்ணீரில்
செந்தூரம் கொட்டியது போல் ஒரு திட்டு,
நகர்ந்தது, அமிழ்ந்தது, மறுபடி மேலே வந்தது.
பார்ப்பு.
கீழே எங்கோ தாய், அல்லது தகப்பன்.
நான் சுருட்டிக்கொண்டு
இருபதடி தள்ளிப் போய் மறுபடி வீசினேன்.

சுருட்டாதவர் பெயர் பிரத்யூஷ், சீட்டில் பார்த்தேன்.
புதுக் கழி, புதுத் தொப்பி, ரப்பர் தவளை.
திட்டின் நடுவில் தவளையைப் போட்டார்.
பசித்த மீன் முகரும், யோசிக்கும், போய் வரும்.
இது யோசிக்கவில்லை.
அடித்தது.

மூணு கிலோ இருக்கும்.
தூக்கிப் பிடித்துக்கொண்டு போனை நண்பரிடம் நீட்டினார்.

சண்டை போடும் அளவுக்கு எனக்கு இந்தி வராது.
வந்தது எண் மட்டும்.
"ஒன்று" என்றேன், உரக்க.
"இரண்டு."
திரும்பிப் பார்த்தார்.
உரக்க எண்ணினால் மூச்சு போகும்,
என் சட்டத்தை நானே உடைத்தேன்.
விரால் காற்றையும் குடிக்கிற மீன்;
ஈரச் சாக்கில் சுற்றினால்
ஓசூர் பஸ்ஸில் உயிரோடு போய் இறங்கும்.
அதுவும் தெரியும்.
நான் எண்ணியது அதன் மூச்சை இல்லை.
செந்தூரம் கலைய ஆரம்பித்திருந்தது.
ஜிலேபிக் கெண்டைகள் நாணலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.
எண்ணுக்கு ஒரு சளப்.
"பதினொன்று."
"ஹன்னெரடு" என்றது பின்னால் ஒரு குரல்.
டீ கிளாஸோடு நஞ்சுண்டையா.
"பதிமூன்று."
"ஹதினால்கு."
கரையில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள்.
எதை எண்ணுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.
தண்ணீரைக் காட்டினேன்.
பார்த்தார்.

இருபத்தாறில் குனிந்தார்.
எதிர்முள் நசுக்காத கொக்கி, வர மறுத்தது.
என் குறடைக் கொடுத்தேன்.
முப்பத்தொன்பதில் விரால் போனது,
சுற்றிப் பார்க்காமல், நேராக.

எத்தனை குறைந்தன, தெரியாது.
பார்ப்பை யார் எண்ணியிருக்கிறார்கள்,
விராலைத் தவிர.

குறடை அடுத்த வாரம் தருகிறாராம்.
அவர் பெட்டியில் இன்னும் நாற்பது முள் இருக்கிறது, நசுக்க வேண்டுமாம்.
நஞ்சுண்டையா நம்பவில்லை;
சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார்: குறடு, ஒன்று.

அப்புறம்தான் என் மிதவை ஞாபகம் வந்தது.
இழுத்தேன்.
ராகி உருண்டை இல்லை,
முள் மட்டும் வந்தது, கழுவி வைத்தது போல்,
பூண்டு வாசனையோடு.